பிள்ளைக்கு முந்திப் பிறந்த தொப்பி

வீட்டில் ஒரு காரியத்திலாவது தம்முடைய சொல் நடக்க வேண்டும் என்று தர்மராசா மாஸ்டர் தீர்மானித்தபோது, அவருடைய மனைவி குணமணிக்கு நாலு மாதம்.

மாஸ்டர் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். உதவியாசிரியரும் அவர்தான். மணி அடிப்பவரும் அவர்தான். அவர் "எழும்புங்கள்" என்றால் அறுபது பிள்ளைகள் எழும்பும். "இருங்கள்" என்றால் அறுபதும் இருக்கும். பின்னேரம் பள்ளியைப் பூட்டிக்கொண்டு குவாட்டர்சுக்கு நடக்கும் வழியில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. அந்த மரம்வரைக்கும் அவர் மாஸ்டர். மரத்தைத் தாண்டினால், மனைவி கூப்பிடுகிறபடி, வெறும் 'இஞ்சாருங்கோ'.

இந்த 'இஞ்சாருங்கோ'வுக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. என்ன கறி வைப்பது, மணிக்கூட்டை எந்தச் சுவரில் மாட்டுவது, மாஸ்டரின் தலைமயிரை எந்தப் பக்கம் வகிர்வது, எல்லாம் குணமணியின் இலாகா. அவருக்கென்று ஒதுக்கப்பட்டது விளக்குத் திரியைத் தூண்டும் வேலை மட்டுமே. அதையும் அவள் சொன்ன பிறகுதான் செய்யலாம்.

பிள்ளையின் பெயரையும் அவளே வைத்துவிட்டால் தாம் இருந்து என்ன பயன் என்று மாஸ்டருக்குப் பட்டது. ஆகவே ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் துணிந்து பேச்சை எடுத்தார்.

"பொடியன் எண்டா, முத்தமிழ்க்காவலன்."

குணமணி அகப்பையை நிறுத்தினாள். "காவலனோ? தோட்டத்தில ஏற்கெனவே ரெண்டு வாச்சர்மார் இருக்கினம். ரெண்டு பேரும் நித்திரை."

"சரி, பெட்டை எண்டா யாழிசைக்கொழுந்து."

"கொழுந்தோ! இந்த மலையில போய் ஒரு பிள்ளைக்குக் கொழுந்து எண்டு பேர் வைச்சா, பின்னேரம் நிறுத்துப் போட்டு லொறியில ஏத்திப்போடுவாங்கள்."

"உமக்குத் தமிழ் உணர்ச்சி இல்லை."

"எனக்கு இப்ப சத்தி எடுக்கிற உணர்ச்சிதான் இருக்கு. கொஞ்சம் தள்ளி இருங்கோ."

மாஸ்டர் பலகையோடு தள்ளி இருந்தார்.

"பொடியன் எண்டா ரவீந்திரன். பெட்டை எண்டா லீலாதேவி," என்றாள் குணமணி. "ஒரே மூச்சில கூப்பிடக் கூடிய பேர். நீங்கள் சொல்லுற பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை ஓடிப்போய்க் கிணத்துக்குள்ள விழுந்திடும்."

இதற்கு மறுமொழி சொல்ல மாஸ்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். மலைக் குளிரில் பிறக்கப்போகிற பிள்ளை. தலைக்கு ஒரு தொப்பி வேண்டும். பதுளைக் கடையில் நல்ல கம்பளி நூல் வந்திருக்கிறதாம்.

மாஸ்டர் நிமிர்ந்தார். நூல் என்ற சொல்லைக் கேட்டால் அவர் நிமிர்வது வழக்கம். கதர்ச் சட்டை தவிர வேறு போடாதவர் அவர். சட்டைப் பையில் பேனை இருக்கிறதோ இல்லையோ, தக்ளி இருக்கும். கையால் சுழற்றி நூல் நூற்கும் அந்தச் சின்னக் கருவியைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் பம்பரம் என்று நினைத்தார்கள். இப்போது கைவேலைப் பாடத்தில் அவர்களும் நூற்கிறார்கள். மாஸ்டரைவிட நன்றாக நூற்கிறார்கள் என்பதைக் கண்டும் காணாமல் விடுவதே அவருடைய பெருந்தன்மை.

"என்ர பிள்ளை கடைத் தொப்பி போடாது," என்றார். "என்ர கையால நூற்ற நூலில, என்ர கையால பின்னின தொப்பிதான் போடும்."

"உங்களுக்குப் பின்னத் தெரியுமோ?"

"நூற்கத் தெரிஞ்சவனுக்குப் பின்னல் ஒரு பெரிய காரியமோ?"

"சட்டி வனையத் தெரிஞ்சவனுக்குச் சமைக்கவும் தெரியும் எண்டுறியள்."

"நீர் பகிடி பண்ணாதையும். செய்து காட்டுறன்."

குணமணி சோற்றுப் பானையை மூடினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் இருந்தாள்.

"சரி, ஒரு பேச்சுக்கு வருவம். முப்பத்தொண்டு அண்டைக்கு, உங்கட நூலில நீங்கள் பின்னின தொப்பி பிள்ளையின்ர தலையில அளவா இருந்தால், பேர் உங்கட விருப்பம். காவலனோ, கொழுந்தோ, நான் வாய் திறக்க மாட்டன். இல்லாட்டி என்ர விருப்பம். பிறகு நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் தொடக்கு என்ற தீட்டைக் கழித்துப் பெயர் வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். அதற்குப் பல மாதம் கிடக்கிறது. ஒரு தொப்பி என்ன, பள்ளிக்கூடத்துக்கே தொப்பி பின்னலாம். மாஸ்டர் உடனே சம்மதித்தார். இவ்வளவு கெட்டிக்காரியான மனைவி இப்படி ஏமாந்துவிட்டாளே என்று அவருக்கு இரக்கம்கூட வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்த பஞ்சு ஒரு சாக்கில் இருந்தது. மாஸ்டர் நூற்றார். பள்ளிக்குப் போகும்போது நூற்றார், வரும்போது நூற்றார். நூல் சில இடத்தில் சிலந்தி வலைபோல வந்தது. சில இடத்தில் கிணற்றுக் கயிறுபோல வந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு பருமனை மட்டும் அது எப்படியோ தவிர்த்துக்கொண்டது.

பின்னுவதற்குக் கம்பி வேண்டும். தம்முடைய குடையைப் பிரித்து இரண்டு கம்பியை உருவினார். அன்றைக்குப் பிடித்த மழை ஒரு கிழமைக்கு விடவில்லை.

இனிப் பின்னப் படிக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் பின்னல் தெரிந்தவள் ஒருத்திதான். ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பின்னலுக்குப் பரிசு வாங்கியவள். மாஸ்டர் இரண்டு நாள் கௌரவம் பார்த்தார். மூன்றாம் நாள் கம்பியும் நூலுமாகப் போய்க் குணமணியின் முன்னால் இருந்தார். அவள் மறுக்கவில்லை. பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தாள். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பாவிக்கும் சொற்களையே பாவித்தாள் என்பதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"எங்க பார்க்கிறியள்? யன்னலுக்கு வெளியிலயோ பாடம் நடக்குது?"

"இல்லை..."

"எத்தினை தரம் சொன்னன்? நூலை முன்னுக்கு எடுத்து, கம்பியைக் குத்தி, சுத்தி இழுக்க வேணும். திருப்பிச் சொல்லுங்கோ."

"முன்னுக்கு எடுத்து, குத்தி..."

"குத்தினது உங்கட விரலில."

அவள் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கம்பளி நூலைப் பற்றியும் சொன்னாள். "கம்பளி எண்டா இழுத்தாலும் திரும்பித் தன்ர இடத்துக்கு வரும். பருத்தி அப்பிடியில்லை..." மாஸ்டர் அதை முடிக்க விடவில்லை. சொந்தக் கையின் உழைப்பு, சொந்த நாட்டின் பஞ்சு, கடைச் சாமானின் அடிமைத்தனம் என்று மூன்று தலைப்பில் பேசினார். பேசி முடித்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள்.

குத்துப்பட்டும் பிரிபட்டும் ஒருவழியாகத் தொப்பி உருவெடுத்தது. ஒரு தோடம்பழத்துக்குப் போடலாம். நல்ல தோடம்பழமாக இருந்தால் அதைப் போட இரண்டு தரம் யோசிக்கும். ஆனால் தொப்பி என்பதில் சந்தேகமில்லை. கடைசிக் கண்ணியை முடிந்து நூலை அறுத்து, மாஸ்டர் அதை விரல் நுனியில் வைத்துச் சுற்றி அழகு பார்த்துக்கொண்டிருந்த வேளையில் இராக்கம்மா உள்ளே வந்தாள்.

இராக்கம்மா தோட்டத்து மருத்துவச்சி. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். குணமணியின் தாய்க்கு இழுப்பு வருத்தம், மலைக் குளிர் ஆகாது. குணமணிக்கு ரயில் ஆகாது. ஆகவே தலைப்பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் என்று முடிவாகியிருந்தது. அதுவரைக்கும் கிழமைக்கு ஒரு தரம் இராக்கம்மா வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

மாஸ்டர் தொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஒளித்த விதத்தில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"அது என்னாங்க ஐயா?"

"ஒண்டுமில்லை. ஒரு தொப்பி."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

இராக்கம்மா மாஸ்டரின் தலையைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். "ஐயா தலைக்குங்களா? இது மாங்காய்க்குக்கூடப் பத்தாதுங்களே."

"இன்னும் வளரும்."

"தலைங்களா, தொப்பிங்களா?" இராக்கம்மா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். "இந்தாங்க, கொழந்தைக்குன்னா சொல்லிப்புடுங்க. பொறக்கறதுக்கு முன்னால புள்ளைக்குன்னு ஒன்னும் தச்சு வைக்கக் கூடாது. கண்ணு படும். அதோட பொறந்த புள்ளைக்குப் புதுசே ஆகாதுங்க. பழசுதான் மேல படணும். நல்லாப் பொழச்ச மனுசங்க உடுத்துன பழசு. அவங்க கொணம் புள்ளைக்கு வரும்."

"எனக்குத்தான் எண்டு சொன்னனே," என்றார் மாஸ்டர் பலவீனமாக.

"அப்பச் சரிங்க," என்று இராக்கம்மா குணமணியைப் பார்க்கப் போய்விட்டாள். உள்ளே இரண்டு பேரும் குசுகுசுப்பதும் சிரிப்பதும் கேட்டது. பெண்கள் சங்கதி என்று மாஸ்டர் காதைத் திருப்பிக்கொண்டார்.

அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நூற்றாயிற்று, பின்னியாயிற்று. இப்போது பார்த்தால் தொப்பியின் ஒரே குற்றம் அது புதியது என்பது. புதியதாக இருப்பதற்காக ஒரு பொருள் தண்டிக்கப்படுவதை அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் இராக்கம்மாவைத் தேயிலைப் பாதையில் வழிமறித்தார்.

"இராக்கம்மா, ஒரு பொருள் எப்ப பழசாகுது?"

"இதென்னாங்க ஐயா, பள்ளிக்கூடத்துக் கேள்வியா?"

"பொதுவாகக் கேக்கிறன்."

"யாராச்சும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா பழசுதானுங்க. அதுல மனுச வாடை ஏறணும். அம்புட்டுத்தான்."

மாஸ்டர் அந்த ஏற்றத்தில் ஓடியே வீட்டுக்குப் போனார். சவுக்கு மரத்தைத் தாண்டும்போதுகூட அவருடைய அதிகாரம் குறையவில்லை.

"வழி கிடைச்சிட்டுது!" என்றார். "ஆரும் ஒராள் போட்டால் தொப்பி பழசு. பழசு எண்டால் பிள்ளைக்குப் போடலாம்."

"அதுவும் சரிதான்," என்றாள் குணமணி. "அப்ப டீமேக்கர் வீட்டுச் சின்னனுக்குப் போட்டு எடுப்பம். அளவும் சரியா இருக்கும்."

பக்கத்துக் குவாட்டர்சில் இருக்கும், தேயிலைத் தொழிற்சாலையை மேற்பார்க்கும் டீமேக்கர் நல்லையாவின் ஆறாவது பிள்ளையைத்தான் அவள் சொன்னாள். அதற்கு ஆறு மாதம். தொழிற்சாலைச் சங்கு பழுதான நாட்களில் தொழிலாளர்கள் அதன் அழுகையைக் கேட்டு வேலைக்கு வருவதாகச் சொல்வார்கள்.

"அந்தக் குரங்கோ! அதின்ர குணம் என்ர பிள்ளைக்கு வரவேணுமோ? நீர் இராக்கம்மா சொன்னதைக் கேக்கேல்லையோ? நல்ல குணமுள்ள ஆள் போட்டிருக்க வேணும்."

"அப்ப இராக்கம்மாவின்ர பேரன்? அமைதியான பிள்ளை."

"அமைதி மட்டும் போதுமோ? அறிவு வேணும். ஒழுக்கம் வேணும். பொறுமை வேணும். கொள்கை வேணும்."

"இதெல்லாம் ஒருமிக்க உள்ள ஆள் இந்த மலையில ஆர் இருக்கினம்?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன்னடக்கம் காரணமாகப் பதில் சொல்லாமல் கூரையைப் பார்த்தார்.

குணமணியும் யோசித்தாள். அவருடைய தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "உங்கட தலைதான் பொருத்தம்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் எதையும் இவ்வளவு விரைவில் ஒப்புக்கொண்டதில்லை. மாஸ்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவர் தொப்பியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பி உச்சந்தலையில் ஒரு போத்தல் மூடியைப்போல இருந்தது. குனிந்தால் விழுந்தது. திரும்பினால் விழுந்தது. ஆகவே மாஸ்டர் குனியாமலும் திரும்பாமலும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மூடுபனிக்குள்ளிருந்து அவர் வெளிப்பட்டபோது அறுபது பிள்ளைகளும் சொல்லாமலே எழும்பி நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் பிரம்பை எடுக்கலாம். சத்தமே இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது? அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். தொப்பி விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், முதலாம் வகுப்பு முழுவதும் உட்காரும் வாங்குக்குக் கீழே இருந்தது.

பின்னேரம் வேலியோரத்தில் நல்லையா பிடித்துக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், துரை பங்களாவில அவிச்ச முட்டைக்கு மேல போடுற உறை மாதிரிக் கிடக்கு. சூடு ஆறாமல் இருக்கவோ?"

"இது கதர்."

"அது சரி. முட்டை?"

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையும் விட்டுவைக்கவில்லை. ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவர் பாதையில் மாஸ்டரைக் கண்டு நிறுத்தினார். தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "வாத்தியார், தலை சுகம் இல்லையா?" என்று கேட்டார்.

"சுகம், சேர்."

"அப்போ ஏன் கட்டுப் போட்டிருக்கு?"

மாஸ்டர் விளக்கப் புகுந்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டிஸ்பென்சரி போய்க் காட்டு," என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

ஒரு தகப்பன் தன் பிள்ளையின் பெயருக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முத்தமிழ்க்காவலன் வளர்ந்த பிறகு இந்தக் கதையை அவனுக்குச் சொல்லலாம் என்று மாஸ்டர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

நாள் போகப் போகத் தொப்பியும் பழகிக்கொண்டது. குனிந்தாலும் விழவில்லை. குணமணி தினமும் வாசல்வரைக்கும் வந்து, "கொஞ்சம் இழுத்துவிடுங்கோ, காது குளிரும்," என்று அன்போடு சொல்வாள். மாஸ்டர் இழுத்துவிடுவார். மழையில் நனைந்தால் அவளே வாங்கி, ஒரு சின்னப் பானையின் மேல் கவிழ்த்து அடுப்போரத்தில் காயவைப்பாள். பிறகு கொஞ்சம் பெரிய பானையின் மேல். இப்படிக் கரிசனை காட்டும் மனைவி யாருக்குக் கிடைப்பாள்? வெகு சீக்கிரத்தில் தொப்பி நெற்றிக்கு இறங்கியது. மாசி மாதப் பனியில் காதையும் மூடிக்கொண்டது. சுகமென்றால் அப்படி ஒரு சுகம். நல்லையா பகிடி பண்ணுவதை நிறுத்தினார். பிள்ளைகள் வாங்குக்கு மேலேயே இருந்தார்கள். தம்முடைய மன உறுதிக்கு முன்னால் ஊரே அடங்கிவிட்டதாக மாஸ்டர் நினைத்தார்.

பங்குனியில், பதுளை ஆஸ்பத்திரியில், பெண் பிறந்தது.

நேர்ஸ் அம்மா பிள்ளையைக் கொண்டு வந்து கையில் தந்தபோது, மாஸ்டருக்கு அதை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றியிருந்தது. தலை அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கியது. அவர் பெயரையும் பந்தயத்தையும் மறந்து, வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, போதும் என்று மூடிக்கொண்டது. தாயைப்போல.

நினைவு வந்ததும் அவருடைய கை தொப்பிக்குப் போனது.

"இப்ப வேண்டாம்," என்றாள் குணமணி படுக்கையிலிருந்து. "இஞ்ச விட மாட்டினம். பேச்சு முப்பத்தொண்டுக்குத்தானே? அதுமட்டும் நீங்களே போட்டிருங்கோ. நல்லா ஏறட்டும்."

மாஸ்டர் நல்லா ஏறவிட்டார். நித்திரையிலும் கழற்றவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையைத் தோய வார்த்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள். நல்லையா குடும்பத்தோடு வந்திருந்தார். இராக்கம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு பிள்ளையின் தலைமாட்டில் இருந்தாள். மாஸ்டர் அலசிக் கட்டிய வேட்டியோடு, தலையில் தொப்பியோடு, நடுவில் வந்து நின்றார். யாழிசைக்கொழுந்து என்ற பெயரின் அழகைப் பற்றிச் சில வார்த்தைகளும் தயார் பண்ணி வைத்திருந்தார்.

தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் பிடித்தார். குனிந்து, மெல்ல, பிள்ளையின் தலையில் வைத்தார்.

பிள்ளையைக் காணவில்லை.

தலை இருந்த இடத்தில் தொப்பி இருந்தது. கழுத்து இருந்த இடத்திலும் தொப்பி இருந்தது. கொஞ்ச நேரத்தில் தொப்பிக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"எடுங்க ஐயா, எடுங்க! மூச்சு முட்டப் போகுது!" என்று இராக்கம்மா தொப்பியை உருவினாள். பிள்ளை சிவந்த முகத்தோடு வெளியே வந்து தகப்பனை முறைத்தது.

மாஸ்டர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ர தொப்பிதானோ?"

"உங்கடதான்," என்றாள் குணமணி. "உங்கட தலையின்ர அச்சே கிடக்கு."

"வெந்நீரில போட்டால் சுருங்கும்! பருத்திதானே!"

"போடுங்கோ. ஆனா ஏத்தி வைச்ச அறிவு, ஒழுக்கம், கொள்கை எல்லாம் தண்ணியோட போயிடும். பரவாயில்லையோ?"

நல்லையா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

இராக்கம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா, நான் ஒன்னு கேக்கறேன். முப்பத்தொண்ணுக்கு எதுக்குங்க பழசு? இன்னைக்குப் புதுசுதானே போடுவாங்க. பழசெல்லாம் பொறந்த அன்னைக்குத்தானுங்க."

மாஸ்டர் திகைத்தார். "இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்க கொழந்தைக்குன்னு சொல்லலீங்களே. ஒங்களுக்குன்னுதானே சொன்னீங்க. ஒங்களுக்குப் பழசோ புதுசோ, எனக்கென்னாங்க?"

மாஸ்டர் கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளையைப்போல நின்றார். மெல்ல மெல்ல விளங்கியது. இன்றைக்குப் புதுசு போடலாம் என்றால், தொப்பியைப் பழசாக்கத் தேவையே இருக்கவில்லை. பழசாக்கத் தேவையில்லை என்றால், துரைக்கு முன்னால் முட்டை உறையோடு நின்றிருக்கத் தேவையில்லை. அது மட்டுமல்ல...

"அப்ப, பிள்ளை பிறந்த பிறகு பின்னியிருந்தாலும்...?"

"ஆர் வேண்டாம் எண்டது?" என்றாள் குணமணி. "முழுசா ஒரு மாதம் கிடந்ததே. தலையையும் அளந்து பாத்து, நிம்மதியாப் பின்னியிருக்கலாம். நான் அப்பிடித்தான் செய்தனான்."

சொல்லிக்கொண்டே தலையணைக்குக் கீழே கைவிட்டு ஒரு தொப்பியை எடுத்தாள். கைக்குள் அடங்கும் தொப்பி. ஓரத்தில் சின்னச் சின்ன வளைவுகள். உச்சியில் ஒரு குஞ்சம். பிள்ளையின் தலையில் அது அளந்து தைத்த மாதிரி இருந்தது. பிள்ளையும் அதை ஆட்சேபிக்கவில்லை.

மாஸ்டர் குனிந்து உற்றுப் பார்த்தார். ஓர் இடத்தில் சிலந்தி வலை. அடுத்த இடத்தில் கிணற்றுக் கயிறு.

"இது என்ர நூல்!" என்று கத்தினார்.

"ஓம். சாக்குக்குள்ள மிச்சம் கிடந்தது."

"அப்ப நூல் என்ர. பின்னல்தான் உம்முடையது."

"இல்லையெண்டு நான் சொல்லேல்லையே."

மூழ்கிக்கொண்டிருந்த மாஸ்டருக்குக் கால் தரையில் பட்டது. "அப்ப பாதி வெற்றி எனக்கு! எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. பேரிலயும் எனக்குப் பங்கு இருக்கு!"

குணமணி கொஞ்சமும் வாதாடவில்லை. "நியாயம்தான்," என்றாள். "நூல் இல்லாமல் தொப்பி ஏது? உங்கட பங்கை நான் மறுக்க மாட்டன். முன்னுக்கு உங்கட பங்கு வரட்டும். பின்னுக்கு என்ர பங்கு வரட்டும். சரியோ?"

"சரி!" என்றார் மாஸ்டர். முன்னுக்கு யாழிசை. பின்னுக்கு அவள் என்ன வைத்தால் என்ன?

குணமணி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் மெதுவாகச் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"த. லீலாதேவி."

இராக்கம்மா குலவை போட்டாள். நல்லையாவின் பிள்ளைகள் கற்கண்டுத் தட்டைச் சூழ்ந்தார்கள். மாஸ்டர் சற்று நேரம் அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். முன்னுக்கு நிற்பது அவருடைய எழுத்துத்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை. பார்க்கப் போனால் அவருடைய சொல்லும் இந்த வீட்டில் கொஞ்சம் நடந்துதான் இருக்கிறது. அவர் மெல்ல நல்லையாவின் பக்கம் சாய்ந்தார்.

"விட்டுக்கொடுக்கேல்லை, பாத்தியளோ? போராடி எடுத்தன், அந்தத் 'த'வை."

நல்லையா வாயிலிருந்த கற்கண்டைக் கடித்து விழுங்கிவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"எனக்கு ஆறு 'ந' இருக்கு, மாஸ்டர். நான் ஒரு கைக்குட்டைகூடப் பின்னேல்லை."